எழுதிக் கொடுத்த ஜெபம்

மருத்துவமனைக்குப் பின்னால் உள்ள சலவைக்கூடத்தில் அவருக்கு வைத்த பெயர் பரிசுத்தம். வைத்தது துவைத்த துணியை மடிக்கும் மடிப்பு மேசையருகே நிற்கிற அக்கா. கேலியாகத்தான் வைத்தார். ஆனால் கேலியைப் பாராட்டாக எடுத்துக்கொள்வதற்கு ஒரு தனித் திறமை வேண்டும். அது நம் ஆளிடம் தாராளமாக இருந்தது. "பரிசுத்தம் வர்றாரு, எல்லாரும் பேச்சை நிறுத்துங்க" என்று யாராவது குரல் கொடுத்தால், தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, கூடத்தையே மன்னித்து விடுகிற மாதிரி ஒரு புன்னகை செய்வார்.

கறை பார்ப்பது அவர் வேலை. கூடத்தின் மூலையில் கண்ணாடி பதித்த நீளமான மேசை ஒன்று உண்டு. கண்ணாடிக்கு அடியில் நான்கு குழல்விளக்குகள் எரியும். துவைத்துப் பிழிந்து, நீராவி உருளையில் தேய்த்து வருகிற படுக்கை விரிப்புகளை அதன்மேல் விரித்தால், துவைத்தவர் கண்ணுக்குத் தப்பியதெல்லாம் வெட்ட வெளிச்சமாகிவிடும். ரத்தம் பழுப்பாகத் தெரியும், மருந்து மஞ்சளாகத் தெரியும், கட்டில் துரு செம்மண் நிறத்தில் தெரியும். கறை இருக்கிற இடத்தில் சிவப்பு நூலால் ஒரு தையல் போட்டு, மறுசலவைத் தொட்டியில் எறிய வேண்டும். இருபத்தாறு வருஷமாகக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு இதைச் செய்தார். அவர் கையைத் தாண்டி ஒரு கறை வார்டுக்குப் போனதில்லை. இதில் கேலி இல்லை, வேலையில் மனிதர் கெட்டி. வீட்டுக்குப் போகும்போது மேசையை மட்டும் அங்கே விட்டுவிட்டு, அந்தக் கண்ணையும் சட்டைப் பையில் ஊசியையும் சிவப்பு நூல்கண்டையும் கூடவே கொண்டுபோனதுதான் வினையாகிப் போயிற்று.

பரிசுத்தத்தில் வளர வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு முப்பத்தொன்றாம் வயதில் வந்தது. அவர் போகிற கிறிஸ்தவ சபையில் மூன்று நாள் கூட்டம் நடந்தது. வெளியிலிருந்து வந்த பிரசங்கியார் கடைசி நாளில் மேசையைத் தட்டி, வருஷத்துக்கு ஒரு பாவத்தையாவது விட்டுத் தொலையுங்கள் என்று சொல்லிவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். சொன்னவர் மறந்திருப்பார். கேட்டவர் மறக்கவில்லை. முதல் வருஷம் சினிமாவை விட்டார். இரண்டாம் வருஷம் சர்க்கரையை விட்டார். சர்க்கரை பாவம் என்று யாரும் சொல்லவில்லை, ஆனால் அவருக்கு அது பிடித்திருந்தது, அந்தக் காரணம் போதாதா? வீட்டில் மற்றவர்களுக்கும் சர்க்கரை நின்றது. மூன்றாம் வருஷம் பந்தாட்டம் பார்ப்பது போனது. நான்காம் வருஷம் சிரிப்பு. பல் தெரியச் சிரிப்பது பக்தியில் வளர்கிற ஆவிக்குரியவனுக்கு அழகில்லை என்று தாமாகவே ஒரு முடிவுக்கு வந்தார். இப்படியே ஒவ்வொன்றாக உதிர்த்துக்கொண்டு வந்ததில், நாற்பத்திரண்டாம் வயதில் விடுவதற்குக் கைவசம் ஒன்றும் இல்லாமல் போயிற்று. தம் பாவங்கள் தீர்ந்துபோன மனிதர் சும்மா உட்கார்ந்திருக்க முடியுமா? மனைவியுடைய பாவங்களிலும் மகளுடைய பாவங்களிலும் கைவைத்தார்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அவர் கத்த மாட்டார், கை நீட்ட மாட்டார். மனைவி துவைத்த சட்டையில் காலர் ஓரம் அழுக்கு தங்கியிருந்தால், அந்த இடத்தில் ஒரு சிவப்பு நூல் தையல் போட்டு, அதே கொக்கியில் திரும்ப மாட்டிவிட்டுக் குளிக்கப் போவார். ஒரு வார்த்தை பேச மாட்டார். மனைவி வந்து பார்ப்பாள், நூலைப் பிரிப்பாள், மறுபடி துவைப்பாள். மகளுடைய துப்பட்டாவில் நூல் விழுந்திருக்கிறது. தலையணை உறையில் விழுந்திருக்கிறது. சோற்றுப் பானையில் நூல் தைக்க முடியாது. அதற்கு ஜெபம் இருந்தது.

மாலை ஏழரைக்குக் குடும்ப ஜெபம். மூவரும் பாயில் உட்கார்ந்து கண்ணை மூடுவார்கள். அவர் ஆரம்பிப்பார். 'ஆண்டவரே, இன்றைக்குச் சாப்பாட்டில் உப்பைக் கூட்டிய கரங்களுக்கு நிதானத்தைத் தாரும். பேருந்தைச் சாக்குச் சொல்லி இருபது நிமிஷம் தாமதமாக வந்த கால்களுக்கு உண்மையைப் போதியும். கண்ணாடிக்கு முன்னால் நிற்கிற நேரத்தில் பாதியையாவது உம்முடைய சமுகத்தில் நிற்க ஒரு வாஞ்சையைக் கொடும். தன் தம்பியோடு முக்கால் மணி நேரம் போனில் பேசிய நாவுக்கு ஒரு காவல் வையும்.' நேருக்கு நேர் சொல்லியிருந்தால் மனைவி நாலு வார்த்தை திருப்பிக் கேட்டிருப்பாள். ஜெபத்துக்கு நடுவில் யார் குறுக்கே பேசுவது? அவர் பேசுவது கடவுளோடு அல்லவா. திட்டுவதற்கு இதைவிடப் பாதுகாப்பான இடம் பூமியில் கிடையாது.

முடிந்ததும் ஆமென் சொல்ல வேண்டும். அதுவும் சத்தமாக.

"காதுல விழல. வாய்க்குள்ளயே சொன்னா மேல எப்படிப் போகும்? இன்னொரு தரம்."

மகள் சொல்லிவிடுவாள். அவள் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள், தினமும் நூறு பேரிடம் சத்தமாகப் பேசிப் பழகியவள். மனைவியின் ஆமென் மட்டும் எத்தனை தரம் கேட்டாலும் அதே அளவில்தான் வரும், மூச்சு விடுகிற மாதிரி. அந்த அம்மாள் ஒரு பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற ஆயா. அங்கே அவள் வாயைத் திறந்தால் பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருளும் என்று சக ஆயாக்கள் சொல்வார்கள். வீட்டில் பன்னிரண்டு வருஷமாக அவள் வாய்விட்டு ஜெபித்ததே இல்லை. பரிசுத்தம் இதை மனைவியின் ஆவிக்குரிய பலவீனம் என்று பெயரிட்டு, அதற்காகவும் ஜெபித்து வந்தார்.

இந்த நிலையில் சபையை மேற்பார்க்கிற மூப்பர்களில் ஒருவர் இடம் காலியாயிற்று. பரிசுத்தம் பதினொரு வருஷமாகக் காத்திருந்த இடம். ஞாயிற்றுக்கிழமைகளில் மூப்பர்கள் உட்காருகிற முன்வரிசை நாற்காலியை அவர் பார்த்த பார்வை, பட்டினி கிடந்தவன் பந்தியைப் பார்க்கிற பார்வை. எத்தனை பாவங்களை விட்டவர், இந்த ஆசையை மட்டும் ஊழிய வாஞ்சை என்று பெயர் மாற்றிப் பத்திரமாக வைத்திருந்தார்.

இரண்டு பேர் பெயர் அடிபட்டது. ஒன்று இவர். இன்னொன்று சலவைக்கூடத்துக்கே அழுக்கு மூட்டைகளைக் கொண்டுவந்து இறக்குகிற வேன்காரர். ஆராதனைக்குப் பாதியில் வருவார், பிரசங்கத்தில் தூங்குவார், காணிக்கைப் பை வரும்போது விழித்துப் பக்கத்து ஆளைப் பார்த்துச் சிரிப்பார். யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் வேனை எடுத்துக்கொண்டு முதலில் போய் நிற்பதும் அவர்தான். ஆனால் அதில் என்ன ஆவிக்குரியது இருக்கிறது, வேன் வைத்திருக்கிற யாரும் போகலாமே என்பது பரிசுத்தத்தின் அபிப்பிராயம்.

அந்தச் சபையில் ஒரு வழக்கம் உண்டு. மூப்பராக வேண்டியவர் வீட்டுக்குப் போதகர் போய் உட்காருவார். கேள்வி கிடையாது, விசாரணை கிடையாது. வீட்டில் இருக்கிற ஒவ்வொருவரும் அந்த மனிதருக்காக வாய்விட்டு ஜெபிக்க வேண்டும். அவ்வளவுதான். வெளியே தங்கமாக மின்னிய ஒரு மூப்பர் வீட்டில் எப்படி இருந்தார் என்பது அவர் போய்ச் சேர்ந்த பிறகு தெரிய வந்ததால், பழைய போதகர் கொண்டுவந்த ஏற்பாடு இது. ஒருவன் எப்படிப்பட்டவன் என்பதை அவன் வீட்டார் கடவுளிடம் சொல்லுகிற தொனியில் தெரிந்துகொள்ளலாம் என்பார் அவர்.

வேன்காரர் வீட்டில் முதலில் நடந்தது. மறுநாள் காலை மூட்டைகளை இறக்கிக்கொண்டே அவரே கூடத்தில் எல்லாரிடமும் சொன்னார். நாலு பிள்ளைகளும் நான்தான் முதலில் என்று சண்டை போட்டதாம். கடைசிப் பிள்ளை அப்பாவுக்காக ஜெபித்துவிட்டு அப்படியே வேனுக்காகவும், வேனின் பின்சக்கரத்துக்காகவும் ஜெபித்ததாம். மனைவி ஜெபித்தது இன்னும் மோசம்.

"'ஆண்டவரே, இந்த மனுஷனக் கடைக்கு அனுப்பினா சொன்னத வாங்கிட்டு வர்ற புத்தியக் கொடும், வழியில யாரையாவது ஏத்திக்கிட்டு ஊரைச் சுத்தப் போயிடறாரு'ன்னு சொல்லிட்டா. போதகரு கண்ண மூடிக்கிட்டே சிரிக்கறாரு. என் மானமே போச்சு" என்று வேன்காரர் சொல்லிச் சிரித்தார்.

பரிசுத்தத்துக்கு அவர்மேல் இரக்கம் பொங்கியது. ஒழுங்காக ஜெபிக்கத் தெரியாத குடும்பம். இடம் நமக்குத்தான் என்று முடிவு கட்டினார். அன்று கறை பார்க்கும்போது மெல்ல ஒரு பாட்டுக்கூட முனகினார் என்று மடிப்பு அக்கா சாட்சி சொல்லுவார்.

வீட்டுக்கு வந்ததும் இரண்டு தாள்களை எடுத்து, எழுத்தில் எழுத்து படாமல் எழுதினார். ஒன்றை மகளிடம் கொடுத்தார், ஒன்றை மனைவியிடம் நீட்டினார்.

"என்னங்க இது?"

"ஜெபம்."

"யாருக்கு?"

"எனக்கு. வெள்ளிக்கிழமை போதகர் வந்ததும் நீ பண்ண வேண்டியது."

"நான் பண்ற ஜெபத்த நீங்க எதுக்குங்க எழுதணும்?"

"நீ தடுமாறக் கூடாது பாரு. பன்னெண்டு வருஷமா நீ வாயத் திறந்து ஜெபிச்சதே இல்ல."

"நீங்க முடிக்கறதுக்குள்ளயே சோறு ஆறிப்போயிடுது. அதுக்கு மேல நானுமா?" என்று சொல்லிவிட்டு அவள் தாளை வாங்கிப் படித்தாள்.

அதில் இருந்தது இதுதான். 'எங்கள் பரம பிதாவே, உமக்கு ஸ்தோத்திரம். உத்தமமும் ஒழுங்குமுள்ள ஒரு மனிதரை எனக்குத் துணையாகத் தந்தீரே, நன்றி. என் அருமைக் கணவர் இந்த வீட்டின் சந்தோஷமாக இருக்கிறார். அவருடைய ஜெபத்தாலே நாங்கள் வளர்ந்தோம்.' தாழ்மைக்கு ஒரு குறையும் வேண்டும் என்பதால் கடைசியில் அதையும் சேர்த்திருந்தார். 'தம் உடல்நலத்தைக்கூடப் பாராமல் உமக்காக ஓடுகிற குறை அவரிடம் உண்டு. அதை மன்னியும்.' இந்தக் குறையைக் கண்டுபிடிக்க அவருக்கு முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது.

"அப்பா, கண்ண மூடிட்டு இத எப்படிப் படிக்கறது?" என்று கேட்டாள் மகள்.

அதை அவர் யோசிக்கவில்லை. "மனப்பாடம் பண்ணிடுங்க" என்றார்.

மகள் ஒரு மணி நேரத்தில் ஒப்பித்துவிட்டாள். மனைவி நாலு நாள் தாளைக் குழாய்க்கு மேலே ஒட்டி வைத்துக்கொண்டு, பாத்திரம் துலக்கியபடி முணுமுணுத்தாள். தினமும் ஜெபம் முடிந்ததும் அவர் பரீட்சை வைப்பார். முதல் இரண்டு வரி வந்துவிடும். மூன்றாவது வரி, அந்தச் சந்தோஷ வரி, அங்கே வந்ததும் அவளுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

"அதுல என்ன கஷ்டம்? ஒரே ஒரு வரிதானே?"

"தெரியலைங்க. அந்த எடத்துல நின்னுடுது."

மறுநாள் காலை அவள் பார்த்தபோது, தாளில் மூன்றாவது வரிக்குக் கீழே சிவப்பு நூல் தையல் போட்டிருந்தது.

வெள்ளிக்கிழமை வந்தது. மூன்றாம் மாடி, இரண்டு அறை வீடு. மேசைக்கு வெள்ளை விரிப்பு போட்டாயிற்று, அதை அவரே விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்துப் போட்டிருந்தார். ஆறு மணிக்குப் போதகர் வந்தார். இளைஞர், ஒல்லி, எப்போதும் பசியோடு இருக்கிற முகம். டீயை ஒரு வாய் குடித்துவிட்டுக் கோப்பைக்குள் எட்டிப் பார்த்தார்.

"நம்ம வீட்டுல சர்க்கரை கெடையாதுங்க. இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு" என்றார் பரிசுத்தம், பெருமையை ஒளிக்கத் தெரியாமல்.

"ஸ்தோத்திரம்" என்று சொல்லிப் போதகர் கோப்பையைக் கீழே வைத்தார்.

ஜெபம் தொடங்கியது. மகள் வாய்ப்பாடு ஒப்பிக்கிற வேகத்தில் எங்கும் நிற்காமல் சொல்லி முடித்தாள். போதகர் 'ஆண்டவரே' என்று ஒரு இடத்திலாவது சேர்ந்து சொல்லப் பார்த்தார், இடைவெளி கிடைக்கவில்லை. அடுத்தது மனைவி.

"எங்கள் பரம பிதாவே, உமக்கு ஸ்தோத்திரம். உத்தமமும் ஒழுங்குமுள்ள ஒரு மனிதரை எனக்குத் துணையாகத் தந்தீரே, நன்றி. என் அருமைக் கணவர்..."

நின்றது. குழாயில் தண்ணீர் சொட்டுவது கேட்டது. பரிசுத்தம் கண்ணை மூடியபடியே மெல்ல எடுத்துக் கொடுத்தார். "இந்த வீட்டின் சந்தோஷமாக..."

"ஞாபகம் இருக்குதுங்க" என்றாள் மனைவி. பிறகு, குரல் மாறாமல், பக்கத்து வீட்டு அம்மாளிடம் பேசுகிற மாதிரிப் பேச ஆரம்பித்தாள்.

"ஆண்டவரே, இதுவரைக்கும் சொன்னது அவரு எழுதிக் கொடுத்தது. அது உமக்கே தெரியும், உம்மகிட்ட எதுக்கு நடிக்கணும்? அவரு நல்லவருதான். பொய் சொல்ல மாட்டாரு. குடிக்க மாட்டாரு. ஒரு நாளும் கை நீட்டினதில்ல, குரல உசத்தினதில்ல. ஆனா சாயங்காலம் படியில அவரு செருப்புச் சத்தம் கேட்டதும் நானும் எம் பொண்ணும் சிரிக்கறத நிறுத்திடறோம். என்ன தப்பு கெடக்குதுன்னு வீட்டச் சுத்திச் சுத்திப் பாக்கறோம். காலையில எழுந்ததும் உம்ம நெனைக்கறதுக்கு முன்னாடி, கொக்கியில சிவப்பு நூலு தொங்குதான்னுதான் பாக்கறேன். இந்தப் பயம் என் பாவமா அவரு பாவமான்னு எனக்குப் பிரிச்சுப் பாக்கத் தெரியல. யாரோடதா இருந்தாலும் எடுத்துடும். அவரு மூப்பராகறதும் ஆகாததும் உம்ம இஷ்டம். அவரு வீட்டுக்கு வரும்போது எங்களுக்குப் பயமில்லாம இருந்தா எனக்கு அது போதும். ஆமென்."

"ஆமென்" என்றார் போதகர். "ஆமென்" என்றாள் மகள், ஒப்பிக்காத குரலில். இன்னொரு தரம், இன்னொரு தரம் என்று பன்னிரண்டு வருஷமாக ஆமெனை எண்ணி வாங்கியவர் வாயிலிருந்து அன்று ஒன்றும் வரவில்லை.

போதகர் மிச்ச டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்தார். அவரோடு கீழே வரைக்கும் போன பரிசுத்தம் இரண்டாம் மாடி திருப்பத்தில் பூசி மெழுகப் பார்த்தார்.

"அவளுக்குக் கொஞ்சம் பதட்டம். என்ன பேசறோம்னு தெரியாம..."

"அண்ணே, நானும் எத்தனையோ வீட்டுல ஜெபம் கேட்டுட்டேன். எதிர்ல ஆண்டவர் உக்காந்திருக்கற மாதிரிப் பேசினது உங்க வீட்டம்மா ஒருத்தங்கதான்." அடுத்த படியில் இறங்கிக்கொண்டே சொன்னார்: "மூப்பர் விஷயம் இப்ப வேண்டாம்ணே. அவங்க கேட்டது முதல்ல நடக்கட்டும்."

ஞாயிற்றுக்கிழமை வேன்காரர் பெயரை அறிவித்தார்கள். பெயர் வாசித்தபோது ஆளைக் காணோம். யாரோ ஒரு பாட்டியை வீட்டிலிருந்து ஏற்றி வரப் போயிருந்தார். கூட்டம் சிரித்தது. பரிசுத்தம் கை தட்டினார், கை தட்டியது கைக்கே தெரியாதபடி.

வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் அவர் வீட்டில் ஏழரை மணி ஜெபம் நடந்த விதம் வேடிக்கை. 'ஆண்டவரே' என்று ஆரம்பிப்பார். கோபம் மார்பு வரை இருந்தது, ஆமாம், கோபமே வராதவர் என்று தம்மை நினைத்திருந்த மனிதருக்கு! 'அந்நியர் முன்னிலையில் கணவனை...' என்று வாயெடுப்பார். எடுத்த வாக்கியத்தை முதல் தடவையாகத் தம் காதாலேயே கேட்பார். அப்படியே விட்டுவிட்டு, உலக சமாதானத்துக்காக இரண்டு வரி ஜெபித்து முடித்துவிடுவார். சோறு சூடாக இருந்தது.

திங்கட்கிழமை சலவைக்கூடத்தில் ஒரு கூத்து. மடிப்பு அக்கா ஒரு விரிப்பைத் தோளில் போட்டுக்கொண்டு கறை மேசைக்கு வந்து நின்றார். ஓரத்தில் பழுப்பாகக் கையகல ரத்தக்கறை. சிவப்பு நூல் இல்லை.

"அண்ணே, இது உங்க மேசையத் தாண்டி வந்திருக்கு. கண்ணு தெரியலையா?"

"பாத்தேன். போகட்டும்னு விட்டுட்டேன். எதுக்கெடுத்தாலும் குத்தம் சொல்றேன்னு..." என்று இழுத்தார் பரிசுத்தம். முகத்தில் ஒரு தாழ்மை. அந்தத் தாழ்மையையும் யாராவது பார்க்கட்டும் என்கிற மாதிரித்தான் இருந்தது.

அக்காவுக்கு வந்ததே கோபம். "நல்லா இருக்கே! திருந்தறதா இருந்தா வீட்டுல போய்த் திருந்துங்க. இது நோயாளி படுக்கற துணி. ஆப்பரேஷன் பண்ணின ஆளு இதுலதான் படுக்கணும். வீட்டுல நூலக் கையில எடுக்காதீங்க, இங்க கீழ வெக்காதீங்க. இது கூடவா ஒருத்தர் வந்து சொல்லணும்?"

கவிழ்ந்து கிடந்த சட்டியை நிமிர்த்தி வைத்த மாதிரி விஷயம் நேராகி விட்டது. இருபது வருஷம் உபவாசம் இருந்தும் கிடைக்காத ஒரு வெளிச்சம், மடிப்பு மேசையிலிருந்து திட்டாக வந்து விழுந்தது. அவர் ஊசியை எடுத்துக் கறைக்குத் தையல் போட்டார். அன்று வேலை முடிந்ததும் நூல்கண்டையும் ஊசியையும் மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினார். சட்டைப் பை காலியாக இருப்பது நடக்க நடக்க உறுத்தியது.

வீட்டுப் படிக்கட்டின் அடியில் வந்து நின்றார். செருப்புச் சத்தம் என்றாளே. கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். பக்தியைத் திருடன் பாணியில் ஆரம்பித்தவர் அவராகத்தான் இருக்கும். பூனை நடை நடந்து மூன்றாம் மாடிக்கு நாலு படி இருக்கும்போது, உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது.

மகள் குரலைக் கனமாக்கிக்கொண்டு பேசிக்கொண்டிருந்தாள். "ஆண்டவரே, உப்பைக் கூட்டிய கரங்களுக்கு... காதுல விழல, இன்னொரு தரம்!" அதற்கு மனைவி சிரித்தாள். பிள்ளைகளை உருள வைக்கிறவள் தானே உருண்டு சிரித்தாள். மூச்சு வாங்க, "போதும்டி, போதும்டி, வயிறு வலிக்குது" என்று கெஞ்சினாள்.

பழக்கதோஷம், பரிசுத்தத்தின் கை முதலில் சட்டைப் பைக்குத்தான் போனது. அங்கே நூல் இல்லை. முகம் சுட்டது. தம்மைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள், சந்தேகமில்லை. நாலே படி, ஏறிப் போய் வாசலில் நின்றால் அந்தச் சிரிப்பு அந்த நொடியே நின்றுவிடும். அது அவருக்கு நன்றாகத் தெரிந்தது. அதனாலேயே ஏறவில்லை. அந்தச் சிரிப்பை அவர் கேட்டு எத்தனை வருஷம்! கல்யாணமான புதிதில் இதே சிரிப்புக்காகவே, ஆவிக்குரியவராவதற்கு முன்பு, தினமும் ஒரு அசட்டு ஜோக்கைத் தேடிப் பிடித்துக்கொண்டு வருவார். படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

மேல் மாடியிலிருந்து இறங்கி வந்த ஒருவர், செருப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற ஆளைப் பார்த்துத் திகைத்தார்.

"என்ன சார், வீடு பூட்டியிருக்கா?"

"இல்லீங்க. தெறந்துதான் இருக்கு."

உள்ளே சிரிப்பு தானாக அடங்கி, பாத்திரச் சத்தம் கேட்கிற வரை உட்கார்ந்திருந்தார். பிறகு ஒரு மாடி இறங்கிப் போய், செருப்பைப் போட்டுக்கொண்டு, நான் வருகிறேன் என்று சொல்கிற மாதிரி டப்டப்பென்று ஏறி வந்தார். கதவைத் தள்ளியபோது இரண்டு பேரும் வீட்டைச் சுற்றிக் கண்ணை ஓடவிட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஏழரைக்குப் பாயில் உட்கார்ந்தார்கள். கண்ணை மூடினார்கள். மனைவி தன் பங்குக்குக் காத்திருந்தாள். அன்று சோறு கொஞ்சம் குழைந்திருந்தது, அது எப்படியும் வரும்.

"ஆண்டவரே" என்றார் பரிசுத்தம். பிறகு எழுத்துத் தமிழை விட்டுவிட்டு, மனைவி பேசிய அந்தத் தமிழில் தட்டுத் தடுமாறிச் சொன்னார். "என்னப் பாத்தா இவங்களுக்குப் பயமா இருக்குதாம். எனக்கு அது தெரியாமப் போச்சு. நான் எல்லாத்தயும் விட்டுட்டேன்னு நெனச்சேன். என்ன மாத்தும், நான் ரொம்ப..."

"ஆமென்!"

ஜன்னல் கண்ணாடி அதிர்கிற மாதிரி ஒரு ஆமென். பக்கத்து வீட்டில் யாரோ என்னவென்று கேட்டார்கள். பரிசுத்தம் ஜெபத்தின் நடுவில் கண்ணைத் திறந்தார். சொன்னது மனைவி. உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். மகள் முகத்தை முழங்காலில் புதைத்திருந்தாள், தோள் குலுங்கியது.

"நான் இன்னும் முடிக்கல" என்றார்.

"தெரியும்ங்க" என்றாள் மனைவி. "சத்தமாச் சொல்லணும்னு நீங்கதானே தெனமும் சொல்லுவீங்க?"

அவர் நெஞ்சுக்குள்ளிருந்து ஒரு விநோதமான சத்தம் வந்தது. தோள் ஒரு தரம் குலுங்கியது. மறுபடி அதே சத்தம், அடைத்துக்கொண்ட குழாய் திறந்துகொள்வது போல.

மகள் பதறி எழுந்தாள். "என்னப்பா, புரையேறிடுச்சா? தண்ணி கொண்டு வரட்டா?"

"இல்லம்மா" என்றார் அவர், கண்ணைத் துடைத்தபடி. "சிரிச்சேன்."

அம்மாவும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எதற்கும் இருக்கட்டும் என்று மகள் ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். அவர் அதை வாங்கிக் குடித்தார்.